அம்மாவுக்கு அவஸ்தை பூசியபோது

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் தமிழ்க் கட்டுரைக்கு டீச்சர் எப்போதும் 'இன்னும் எழுது' என்று சிவப்பு மையில் குறித்துத்தான் கொடுப்பார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். நம் சந்தில் என்னோடு வளர்ந்த உங்களுக்கு இது தெரியும். 'வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?' என்று என்னைக் கேட்டவர்களே நீங்கள்தான். அப்படிப்பட்டவள் இத்தனை பக்கம் எழுதி உங்கள் கையில் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். மன்னித்துவிடுங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் படியுங்கள்.

போன வாரம் அன்பியக் கூட்டத்தில், அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து ஜெபம் சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நம்மில் ஒருத்திக்கு ஆபரேஷன் என்று பேச்சு வந்தது. சாமியாரை வீட்டுக்கு அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லலாமா என்று யாரோ கேட்டார்கள். அவளுடைய மகன் நல்ல பையன். உடனே கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம் ஆன்ட்டி. ஃபாதர் எண்ணெயோட வந்தா அம்மா பயந்துடுவாங்க. முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்களும்தான் ஆட்டினீர்கள். எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு பேச்சு வந்தது. கையில் பிஸ்கட் தட்டு இருந்தது. தட்டை நீட்டினேன், பேச்சு உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்து மழைக்காலம். மயிலாப்பூரில் கடல் பக்கத்துச் சந்து அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரெல்லாம் ஊறிப்போய்ப் பச்சை பிடித்திருக்கும். காயாத துணி வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, குப்பத்திலிருந்து காற்றில் வரும் கருவாட்டு வாசனை. எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும். அறையில் பாதியை அம்மாவின் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். அம்மா கன்னிமார் மடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். மீதி நேரம் வீட்டில் தைப்பாள். அந்த மெஷினின் மிதிகட்டைச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம். அது எங்கே போனது என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதன் மூடியைக் கவிழ்த்து வைத்துத் தங்கையைப் படகு மாதிரி உட்கார வைப்பேன்.

அம்மாவுக்குக் குரல் பெரிது. சாயங்கால ஜெபமாலை எங்கள் வீட்டில் ஆரம்பித்தால் சந்துக் கடைசி வரைக்கும் கேட்கும். ஜெபமாலை முடிந்ததும் சொந்தமாக ஒரு ஜெபம் சொல்லுவாள். அதை 'நீர்' என்றுதான் மரியாதையாக ஆரம்பிப்பாள். 'ஆண்டவரே, நீர் கொடுத்த இந்த நாளுக்காக.' போகப் போகக் கோபம் ஏறும். ஏறினால் 'நீர்' போய் 'நீ' வந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் 'நீ' சீக்கிரமே வந்துவிடும். மெஷின் மிதிக்கும்போது அம்மா திடீரென்று நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவாள். முகம் சுண்ணாம்பு பூசினது மாதிரி ஆகிவிடும். ராயப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்து, வயிற்றில் கட்டி, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா ஜெபித்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இந்தப் பிள்ளைங்க ரெண்டும் உன்னுதுதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தல பின்னி உடுறது நான். அத ஞாபகம் வச்சிக்க."

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கொட்டிவாக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொள்வதற்காக வந்திருந்தாள். அப்போது கொட்டிவாக்கம் என்றால் எங்களுக்கு வெளியூர். சவுக்குத் தோப்பும் மணலுமாக இருக்கும். அத்தை வீட்டில் கிணறு உண்டு, கோழி உண்டு, பிள்ளை மட்டும் இல்லை.

"சாமிகிட்ட இப்படியா பேசுவாங்க? அடங்கிக் கேக்கணும்."

"பேசாம இருந்தாத்தான் தப்பு அண்ணி. நான் பேசிக்கினுதான கீறேன்."

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது, சின்ன சாமியாரைக் கோயில் வாசலில் அம்மா நிறுத்தினாள். எங்கள் பங்கில் பெரிய சாமியார் ஒருவர், அவருக்குத் துணையாகப் புதிதாக வந்த இளவயதுக்காரர் ஒருவர். அவர்தான் சின்ன சாமியார். மீசை கூடச் சரியாக வளரவில்லை.

"ஸ்தோத்திரம் சாமி. எனக்கு அவஸ்தை கொடுக்கணும்."

பக்கத்தில் நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இன்றைக்கு உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சொல் புரியாது. உங்களுக்குப் புரியும். நோயாளிக்கு எண்ணெய் பூசுகிற தேவதிரவிய அனுமானம் என்ற திருச்சடங்குக்கு நம் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் அவஸ்தை பூசுதல். யாருக்காவது அவஸ்தை கொடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டால், சவப்பெட்டிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஓடுவார். காலில் நின்றுகொண்டு, கையில் குடையோடு, தனக்கே வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

சின்ன சாமியாருக்குக் காது சிவந்தது. "அம்மா, இப்பல்லாம் அப்படிச் சொல்றதில்ல. நோயில் பூசுதல்."

"பேரு எதுவா இருந்தா இன்னா சாமி? எண்ணெய் அதேதான?"

அத்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாயைக் கழுவுடி. அவஸ்தை சாவப்போறவங்களுக்குக் கொடுக்கிறது."

அம்மா கையை உதறினாள். கோயில் வாசலிலேயே, அந்தக் கூட்டத்தில், அவளுடைய பெரிய குரலில் கேட்டாள்.

"நான் அவஸ்தைப்படுறேனா இல்லியா அண்ணி? வயித்தப் புடிச்சிக்கினு விடிய விடிய உக்காந்துக்கினு கீறேன். இதுக்கு இன்னா பேரு, சுகமா? அவஸ்தைப்படுறவளுக்குத்தான் அவஸ்தை. செத்தவளுக்கு எதுக்கு எண்ணெய்? வடை சுடவா?"

சின்ன சாமியார் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்குக் காலையில வர்றேன்மா" என்றார்.

அவர் வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மெஷின்தான் பீடம். அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை நிறுத்தி, இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, ஒரு கிண்ணத்தில் பஞ்சு வைத்தோம். ஊசி செருகி வைக்கிற சின்னப் பஞ்சுத் தலையணையை அம்மா எடுக்க மறந்துவிட்டாள். துணிக்கு அடியில் அது ஒரு மேடு மாதிரி தெரிந்தது. சாமியார் ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எண்ணெயைக் கட்டை விரலால் தொட்டு அம்மாவின் நெற்றியில் பூசினார். பிறகு கைகளை நீட்டச் சொன்னார். ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பான கை அது. உள்ளங்கையில் எண்ணெய் பளபளத்ததை நானும் தங்கையும் எட்டி எட்டிப் பார்த்தோம். தங்கை என் காதில், "அம்மாக்கு எண்ணெய்க் குளியலா?" என்று கேட்டாள். அத்தை அவள் தொடையில் கிள்ளினாள்.

வெளியே சந்தே மண்டி போட்டிருந்தது. குடைக்கு அடியில், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரே அழுகை. யாரோ ஒருத்தி துக்கப் பாட்டுக்கு ராகம் கூட எடுத்துவிட்டாள்.

அம்மா வாசலுக்கு வந்தாள். "யாருடி அது இழுக்கிறது? நிறுத்து. காப்பி போட்டு வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க. வழி உடுங்க, ரிக்ஷா நிக்குது."

நெற்றி எண்ணெயைத் துடைக்காமல் தானே ரிக்ஷாவில் ஏறினாள். அப்பா பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். திரைச் சீலையைச் சாமியாரே இழுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார்களாம். தாலியைக் கழற்றிக் கொடுத்த அம்மா, உத்தரியத்தைக் கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கயிற்றில் கோத்து மாதா பேரில் மந்திரித்த இரண்டு சின்னத் துணித் துண்டு, அவ்வளவுதான். நர்ஸம்மா கேரளத்துக்காரர். சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அதை அம்மாவின் கால் கட்டை விரலில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாராம். "கழுத்துல இருந்தா இன்னா, கால்ல இருந்தா இன்னா, மாதாவுக்கு வழி தெரியும்" என்று பிற்பாடு அம்மா சொல்லுவாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் காய்ச்சல் வந்து இறங்கவில்லை. புண் ஆறவில்லை. பார்த்துவிட்டு வருகிற அப்பா செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நிற்பார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வாள்.

அப்பா ஒரு கம்பெனியில் டிரைவர். அதிகம் பேச மாட்டார். அம்மா இல்லாத சாயங்காலங்களில் ஜெபமாலையை அத்தைதான் சொன்னாள். அப்பா முழங்காலில் இருப்பார், ஆனால் வாய் அசையாது. நான் கண்ணைத் திறந்து திறந்து பார்ப்பேன். அசையவே அசையாது. அப்பாவுக்கு அம்மா வேண்டாம் என்று ஆகிவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். எத்தனையோ வருஷம் கழித்து, அவருக்கே உடம்பு முடியாமல் போனபோது இதைக் கேட்டேன். "வாயத் தொறந்தா அழுதுடுவேன்டி. அக்கா முன்னாடி எப்படி அழுறது?" என்றார்.

அத்தை காரியக்காரி. வீடு சுத்தமாக இருந்தது, சோறு நேரத்துக்கு வந்தது, என் சடையை அவள் பின்னினால் கண் இழுத்துக்கொள்கிற மாதிரி இறுக்கமாக இருக்கும். ஒருநாள் புதுத் தகரப் பெட்டி ஒன்று வந்தது. என் பாவாடைகளை மடித்து அதில் வைத்துக்கொண்டே சொன்னாள். கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு போர்டிங்குக்குப் போகிறேன். தங்கை அத்தையோடு கொட்டிவாக்கம்.

"அம்மா வந்தா?"

அத்தை ஒரு பாவாடையை உதறி மறுபடியும் மடித்தாள். "அம்மாவுக்கு அவஸ்தை கொடுத்தாச்சு கண்ணு" என்றாள்.

தங்கைக்குக் கோழி இருக்கிற வீடு என்றதும் சந்தோஷம். "கோழிக்குஞ்சு எனக்கே எனக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த நாளோ மறுநாளோ, அத்தை என்னை இஸ்திரி வண்டிக்கு அனுப்பினாள். "புடவை ஒண்ணு போட்டிருக்கேன், வாங்கிட்டு வா." சந்து முனையில் வேப்பமரத்தடி வண்டி, கரி கனிந்து நெடியடிக்கும். இஸ்திரிக்காரர் தாளில் சுற்றி வைத்திருந்ததை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். சந்தன நிறப் பட்டு ஓரத்தில் தெரிந்தது. அந்துருண்டை வாசனை. அம்மாவின் கல்யாணப் புடவை. கோயிலில் தாலி கட்டும்போது உடுத்தியது. பிறகு எதற்கும் எடுத்ததில்லை.

"ஜரிகைல கரி படாம பாத்துப் பாத்துப் போட்டேன் பாப்பா," என்றார். "கடைசியாக் கட்டுறதாச்சே."

நம் வீடுகளில் தாலி கட்டிய புடவையைச் சுற்றித்தான் சவப்பெட்டியில் வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கைக்குள் அந்தப் பொட்டலம் சுடச்சுட இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயில் வளாகத்தில் குகை மாதிரி கட்டிய மாதா கெபிக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம், பிள்ளைகள் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. இன்றைக்கும் வராது. ஆனால் அன்றைக்கு மாதா முகத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மா பேசுகிற மாதிரியே, 'நீ' என்றேன்.

"உனக்கு அம்மா இருந்தாங்கல்ல? உன் அம்மா உன்ன போர்டிங்குக்கு அனுப்பினாங்களா? நீ உன் புள்ளகிட்ட போய்ச் சொல்லு. இந்தப் பொடவைய நான் குடுக்க மாட்டேன். யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. கெபியை விட்டு வரும்போது எனக்குக் கால் நடுங்கவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

"புடவை எங்கடி?" என்றாள் அத்தை.

"இன்னும் ஆகலியாம்."

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒயர் கூடையில் கஞ்சி டிபன் கேரியருக்கு அடியில் நான் ஒளித்து வைத்த புடவை இருந்தது. வார்டில் டெட்டால் வாசனையும் ஈரச் சுவர் வாசனையும். அம்மா பாதியாகிப் போயிருந்தாள். கண் மட்டும்தான் அவளுடையது. அப்பா நர்ஸைத் தேடிப் போன நேரத்தில் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். தாளைப் பிரித்துப் பார்த்தாள்.

"இத யாரு இஸ்திரிக்குப் போட்டது?"

"அத்தை."

அம்மா கொஞ்ச நேரம் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள். எதற்கென்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, வலியில் முகம் கோணி, சிரித்தாள்.

"அவங்க கட்டி அனுப்பலாம்னு எடுத்து வச்சாங்க. நானே கட்டிக்கினு வர்றேன்னு சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். அடையாற்றங்கரைக் குடிசைப் பக்கம். அவருக்கும் வயிற்றில்தான் கட்டி. "இன்னாமா, ஆஸ்பத்திரில கண்ணாலமா? மாப்ள யாரு, டாக்டரா?" என்று கேட்டார்.

"பழைய மாப்ளதான் வெளில நிக்குது" என்றாள் அம்மா.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அத்தை மறுபடியும் புடவையைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "அவ கேட்டா. நான்தான் குடுத்தேன்." அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்தது, அம்மா சொன்னாளா, பார்த்தாரா, தெரியாது. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

அத்தையை நான் பல வருஷம் வெறுத்தேன். அம்மா சாகட்டும் என்று காத்திருந்தவள் என்றே நினைத்தேன். அப்படி இல்லை. அத்தை, அப்பா இருவருடைய அம்மா இறந்தபோது அத்தைக்கு அப்போதைய என் வயதுதான். எதுவும் தயாராக இல்லாமல், யாரோ கொடுத்த புடவையைச் சுற்றிப் புதைத்தார்களாம். அத்தையை ஒரு போர்டிங்கிலும் அப்பாவை ஒரு போர்டிங்கிலும் விட்டார்களாம். அதனால் இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். புடவை மடிப்புக் கலையாமல், பிள்ளைகள் தெருவில் நிற்காமல். அவளுக்குத் தெரிந்த அன்பு அது. ஆனால் அம்மா உயிரோடு இருந்தாளே. அதை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை.

சின்ன சாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் நானும் இருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, அவுளுக்கு மட்டும்தானா? எனக்கும்தான் வலி கீது. அந்த எண்ணெய்ல கொஞ்சம் எனக்கும் பூசேன்."

சாமியாருக்குக் காது மறுபடியும் சிவந்தது. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எண்ணெய் இல்லாங்காட்டி போவுது. கையாவது வை."

அவர் கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "உன் கை சில்லுனு நல்லாக்கீது நைனா" என்றார்.

அடுத்த தடவை போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே, அவர் போய்விட்டார் என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "ஆண்டவர் அவங்க ஜெபத்தக் கேக்கலியா?"

"என்னுதக் கேட்டார்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாள் அம்மா. காய்ச்சல் அப்போதும் இருந்தது. "நான் போனாலும் போவேன்டி. அதுக்காக இப்பவே பயந்து கைய உட்டுடணுமா? அவரு கையப் புடிச்சிக்கினு இருக்கத்தான் எண்ணெய். ஜெயிக்கிறதுக்கு இல்ல."

இதைத்தான் நான் பிஸ்கட் தட்டோடு நின்றபோது சொல்ல வந்தேன். ஆபரேஷனுக்குப் போகிற நம் தோழியின் மகன் கேட்டால் கோபப்படட்டும், பரவாயில்லை. எண்ணெய் பூசினால் பயந்துவிடுவாள் என்கிறீர்களே, பூசாமல் இருந்தால் அவள் பயப்படாமலா இருக்கிறாள்? விடிய விடிய உட்கார்ந்துகொண்டு இருப்பது யார்? நாம் சிரித்த முகத்தோடு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவளும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறாள். சாவுக்கு மட்டும்தான் சாமி என்று யார் வைத்தது? நன்றாக இருக்கும்போது பிறந்தநாள் கேக்குக்கு ஜெபிக்க ஃபாதர் வேண்டும், வீட்டை மந்திரிக்க ஃபாதர் வேண்டும், புது ஸ்கூட்டருக்குத் தீர்த்தம் தெளிக்க வேண்டும். வயிற்றை அறுக்கப் போகிறவளுக்கு மட்டும் கூடாதா? எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, அவளையே கேளுங்கள் என்கிறேன். மகனைக் கேட்காதீர்கள். அவளைக் கேளுங்கள்.

இனி மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் எங்களுக்கு வந்தது மாதிரியே இல்லை. நட்சத்திரம் கட்டவில்லை. லீவு முடிந்து மறுநாள் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். காலையில் எனக்குப் போர்டிங்குக்குப் பஸ். பெட்டி பூட்டி வாசல் பக்கம் இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் என் பெயர். அத்தை புது ரிப்பனை என் சடைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, சந்து முனையில் சத்தம் கேட்டது.

ரிக்ஷா மெல்ல வந்தது. அப்பா ஏறவில்லை, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். உள்ளே அம்மா. காய்ச்சல் இறங்கி, அன்றைக்குத்தான் வீட்டுக்கு விட்டார்களாம். சந்தனப் பட்டு உடுத்தியிருந்தாள். ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. குனிய முடியாததால் நர்ஸம்மாதான் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாராம், அதனால் மடிப்பு கொஞ்சம் மலையாளத்துப் பாணியில் இருந்தது. சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குத் துக்கப் பாட்டுக்கு ராகம் எடுத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஐயோ, கல்யாணப் பொண்ணாட்டம் கீறியே!"

"பின்ன? வெல குடுத்து வாங்கி, இஸ்திரி போட்டு வச்சிருந்தாங்க. கட்டாம உட்டா மரியாதையா?"

அத்தை ரிப்பனைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றாள். அம்மா அப்பாவின் தோளைப் பிடித்து இறங்கினாள். ஒரு படி, ஒரு மூச்சு. உள்ளே வந்தவளுக்கு நிற்க முடியவில்லை. முதலில் கண்ணில் பட்டதன் மேல் உட்கார்ந்தாள். அது என் தகரப் பெட்டி. உட்கார்ந்த பிறகுதான் மூடியில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"இது எங்க போவுது?"

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "காலையில பஸ்ஸு. போர்டிங் மதர்கிட்ட எல்லாம் பேசியாச்சு. இந்த ஒடம்போட ரெண்டு பிள்ளைங்கள எப்படிப் பாப்ப நீ? குனிய முடியுமா? தண்ணி தூக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

"முடியாதவ ஊட்ல பிள்ளைங்க இருக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதி கீதா அண்ணி? நான் செத்தா அனுப்புங்க, நான் வந்து தடுக்கப் போறதில்ல. உயிரோட இருக்கும்போதே எதுக்கு ஊட்டக் காலி பண்றீங்க?"

"அவஸ்தை பூசிட்டாங்களேடி..." என்றாள் அத்தை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பூசினாங்க. நல்லாப் பூசினாங்க. பூசினவங்க எல்லாம் செத்தே ஆவணுமா? நான் ஆண்டவர்கிட்ட தெம்பு கேட்டேன். நீங்க பெட்டி கேட்டீங்க." குரல் பெரிதாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் கம்மிவிட்டது. மூச்சு வாங்கியது. ஆனாலும் கையை நீட்டி அத்தையின் கையிலிருந்த ரிப்பனை வாங்கிக்கொண்டாள். "நீங்க இங்கேயே இருங்க, வேணான்னு சொல்லல. கூட இருந்து கஞ்சி ஊத்துங்க. பிள்ளைய மட்டும் தொடாதீங்க."

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து, "அவ போவ மாட்டா அக்கா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

படுத்துக்கொள்ளச் சொன்னதற்கு அம்மா கேட்கவில்லை. பட்டுப் புடவையோடு, அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே சாயங்கால ஜெபமாலையைச் சொல்லி முடித்தாள்.

மறுநாள் நான் பழைய பள்ளிக்கூடத்துக்கே போனேன். அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி. நாள் முழுக்கப் படுத்திருந்தாள். அத்தை மத்தியானம் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, கோழிக்குத் தீனி வைக்க ஆள் இல்லை என்று கொட்டிவாக்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். தங்கை கோழிக்குஞ்சு வேண்டும் என்று அழுதாள்.